தாத்தா கல்யாணம் போன வருஷம் நடந்ததா? ஸ்கேன் செய்த பழைய போட்டோக்களுக்குச் சரியான தேதி போடுவது எப்படி?

பரணில் இருந்த ஆல்பங்களையெல்லாம் இறக்கி, தூசு தட்டி, ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்கேன் செய்தாகிவிட்டது. மொபைலில் ஏற்றிப் பார்த்தால் ஒரே குழப்பம். தாத்தா-பாட்டி கல்யாணம், அப்பாவுக்கு முதல் மொட்டை, அத்தையின் காலேஜ் குரூப் போட்டோ... எல்லாமே போன வருஷம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடந்ததாகக் காட்டுகிறது. நடுவே அன்று மதியம் சாப்பிட்ட பிரியாணி போட்டோவும் இருக்கிறது. அடுத்த வருஷம் அதே நாளில், 'ஓராண்டுக்கு முன் இன்று' என்று தாத்தா கல்யாணத்தை மொபைல் நினைவுபடுத்தும்!

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால், இதைச் சரிசெய்யாமல் விட்டால், இன்னும் இருபது வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பேரக்குழந்தைக்கு அது யார், எந்த ஊர், எந்தக் காலம் என்று எதுவும் தெரியாது. பெரும்பாலான வீடுகளில் பழைய போட்டோக்களில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர் ஒருவரோ இருவரோதான் மிச்சம். காகிதப் படம் இன்னும் ஐம்பது வருஷம்கூடத் தாங்கும். அந்த ஒருவரின் நினைவு அவ்வளவு காலம் காத்திருக்காது.

தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே எழுதி வைப்பது, எது தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மொபைல் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. எடுத்த தேதி, நேரம், கேமராவின் பெயர், சில சமயம் எடுத்த இடம்கூட அதில் பதிவாகும். 'எக்ஸிஃப்' என்று இதற்குப் பெயர். 1995-ல் ஜப்பானில் வகுக்கப்பட்ட முறை இது. கூகுள் போட்டோஸ் ஆகட்டும், ஐபோனின் போட்டோஸ் ஆகட்டும், இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் படங்களை வரிசைப்படுத்துகின்றன.

பழைய பிரின்ட்டை ஸ்கேன் செய்யும்போது, அது 1974-ல் எடுத்தது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. ஸ்கேன் செய்த நாளைத்தான் எழுதும். மொபைல் கேமராவில் படம்பிடித்தால் இன்னொரு வம்பும் உண்டு. மதுரையில் நடந்த கல்யாணத்துக்கு, நீங்கள் இப்போது குடியிருக்கும் தாம்பரம் அப்பார்ட்மென்ட்டின் இருப்பிடம் ஒட்டிக்கொள்ளும். பழைய படங்களை மொபைலில் எடுப்பதற்கு முன் கேமராவின் 'லொக்கேஷன்' வசதியை அணைத்துவிடுங்கள்.

எக்ஸிஃப் குறிப்பில் இரண்டு தேதிகளுக்குத் தனித்தனி இடம் இருக்கிறது. ஒன்று, படம் எடுத்த தேதி. மற்றொன்று, அது டிஜிட்டல் ஆன தேதி. நாம் மாற்றவேண்டியது முதலாவதை மட்டும்தான். இரண்டாவது அப்படியே இருக்கட்டும். எப்போது ஸ்கேன் செய்தோம் என்பதற்கு அது ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை. சில படங்கள் '1970 ஜனவரி 1' என்று காட்டும். உடனே நம்பிவிடாதீர்கள். பல கணினி அமைப்புகள் காலத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ஜியப் புள்ளி அது. தேதி தொலைந்துபோன படத்துக்குத்தான் பெரும்பாலும் அந்த நாள் வந்து உட்காரும்.

ஆல்பத்தைப் பிரிக்கும் முன்...

ஸ்கேன் செய்யும் அவசரத்தில் பலரும் முதலில் செய்வது, ஆல்பத்திலிருந்து எல்லாப் படங்களையும் உருவி ஒரு கட்டாக அடுக்குவதுதான். அத்தோடு பாதித் தடயம் போய்விடும். யாரோ ஒருவர் அந்தப் படங்களை அந்த வரிசையில் ஒட்டியதற்குக் காரணம் இருந்திருக்கும். தேதி தெரிந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் தெரியாத படம், பெரும்பாலும் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் எடுக்கப்பட்டிருக்கும்.

* முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே மொபைலில் ஒரு படம் எடுங்கள்.
* ஆல்பத்துக்கு ஓர் எண், பக்கத்துக்கு ஓர் எண், படத்துக்கு ஓர் எண் கொடுங்கள். 'ஆல்பம் 3, பக்கம் 12, படம் 2' என்று இருந்தால் எப்போதும் திரும்பக் கண்டுபிடிக்கலாம்.
* பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். கையெழுத்து, ஸ்டூடியோ முத்திரை, பேப்பர் கம்பெனி பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.
* பின்பக்கம் எதையாவது எழுதவேண்டும் என்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தழும்பாகத் தெரியும்.
* பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்காதீர்கள். வராவிட்டால் ஆல்பத்தோடு வைத்தே படம்பிடியுங்கள்.

தபால் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதுமானது. ஆறுக்கு நாலு இன்ச் பிரின்ட்டை அந்த அளவில் ஸ்கேன் செய்தால் 3,600-க்கு 2,400 பிக்ஸல் கிடைக்கும். நெகட்டிவ் கிடைத்தால் அதற்கு 2,400 டிபிஐ-க்குக் குறையாமல் வேண்டும். ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு, 2016-ல் கூகுள் வெளியிட்ட 'போட்டோஸ்கேன்' ஆப் போன்றவை கைகொடுக்கும். நான்கைந்து கோணங்களில் எடுத்துச் சேர்ப்பதால் பளபளப்பான படத்தில் விழும் வெளிச்சம் நீங்கிவிடும்.

தேதியைச் சொல்லும் தடயங்கள்

படத்தின் பின்னால் தேதி எழுதியிருந்தால் வேலை சுலபம். எழுதாத படங்கள்தான் அதிகம். அவற்றில் துப்பறிய வேண்டியிருக்கும்.

ஸ்டூடியோ முத்திரை: முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால், அந்த முத்திரை 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. அன்றுதான் இந்தியாவில் பின்கோடு முறை வந்தது. பின்கோடு இல்லாததால் பழையது என்று முடிவுசெய்ய முடியாது. இன்றும் 'சென்னை-17' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தைய வழக்கம். ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்பது 1996-ல் 'சென்னை' ஆனது. இலங்கையில் எடுத்த படத்தில் 'சிலோன்' என்று இருந்தால் 1972 மே மாதத்துக்கு முன் அடித்த முத்திரையாக இருக்கலாம். மலேசியா என்ற பெயர் 1963 செப்டம்பருக்குப் பின்தான். அதற்கு முன் மலாயா.

முத்திரை சொல்வது பிரின்ட் போட்ட காலத்தைத்தான். 1950-ல் எடுத்த படத்தை 1980-ல் காப்பி எடுத்திருந்தால், முத்திரை 1980-ஐத்தான் காட்டும்.

பேப்பர்: பின்னால் 'இந்து' என்ற பிராண்ட் பெயர் இருந்தால், அது ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. அந்தத் தொழிற்சாலையில் 1967-ல் உற்பத்தி தொடங்கியது. சதுரமான கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவும் ஆக்பா கிளிக் போன்ற பெட்டி கேமராக்களில், ரோலுக்குப் பன்னிரண்டு படம் என்ற கணக்கில் எடுத்தவை.

ஆரஞ்சு எண்கள்: தொண்ணூறுகளின் கலர் படங்களில் வலதுபக்க ஓரம் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருக்கும். '6 4 93' என்றால் ஏப்ரல் 6-ஆ, ஜூன் 4-ஆ? கேமராவின் அமைப்பைப் பொறுத்தது. அதே ரோலில் 12-க்கு மேற்பட்ட எண் உள்ள இன்னொரு படத்தைத் தேடுங்கள். '25 4 93' என்று இருந்தால் நாள்தான் முதலில் என்று உறுதி. பேட்டரி மாற்றியபின் தேதியைச் சரிசெய்யாமலே வருஷக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு. பொங்கல் பானையும் ஆகஸ்ட் மாதமும் ஒன்றாக இருந்தால் நம்பாதீர்கள்.

வண்டி: டிவிஎஸ் 50 தெரிந்தால் 1980-க்குப் பிறகு. மாருதி 800 என்றால் 1983 டிசம்பருக்குப் பிறகு. ஆர்எக்ஸ் 100 என்றால் 1985-க்குப் பிறகு. நம்பர் பிளேட்டில் 'டிஎன் 01' போல மாநில எழுத்தும் அலுவலக எண்ணும் இருந்தால் 1989-க்குப் பிந்தைய பதிவு.

சுவர்: தெருவில் எடுத்த படத்தில் பின்னணிச் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரட்டை இலை சின்னம் வரைந்திருந்தால் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு முன் எடுத்திருக்க வாய்ப்பில்லை. சினிமா போஸ்டரும் நல்ல தடயம். 'சகலகலா வல்லவன்' போஸ்டர் என்றால் 1982 அல்லது அதற்குப் பின். ஆனால் எம்.ஜி.ஆர், சிவாஜி படங்கள் திரும்பத் திரும்ப ரிலீஸ் ஆனவை. போஸ்டர் 'இதற்கு முன் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும்; 'இதே வருஷம்' என்று சொல்லாது.

வீட்டுக்குள்: சென்னையில் டி.வி ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. கூடத்தில் மரப்பெட்டி டி.வி இருந்தால் அதற்குப் பிறகுதான். சுவரில் மாலையோடு தொங்கும் படம் யாருடையது என்று பாருங்கள். கொள்ளுத்தாத்தாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தால், அவர் காலமானதற்குப் பின் எடுத்த போட்டோ அது.

படிப்பு: பள்ளிக்கூட குரூப் போட்டோவில் முன்வரிசைக் குழந்தை பிடித்திருக்கும் சிலேட்டில் வகுப்பும் வருஷமும் இருக்கும். அதைவிட நல்ல தடயம் கிடையாது. 'பி.யு.சி' என்று எழுதியிருந்தால், தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்த 1978-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ எடுத்தது.

சடங்கு: சீமந்தப் படம் என்றால், அந்தக் குழந்தையின் பிறந்த தேதியிலிருந்து ஒன்று முதல் மூன்று மாதங்களைக் கழித்தால் போதும். காதுகுத்து, மொட்டை என்றால் குழந்தையின் வயதைக் கூட்டிக்கொள்ளலாம்.

கல்யாணப் பத்திரிகை சொல்லும் கணக்கு

பல வீடுகளில் ஆல்பத்தோடு ஒரு மஞ்சள் தடவிய பத்திரிகையும் இருக்கும். அதில் ஆங்கிலத் தேதி கிழிந்திருந்தாலும், 'ஆனந்த வருஷம் ஆவணி மாதம்' என்ற வரி மிச்சம் இருந்தால் போதும். தமிழ் வருஷங்கள் அறுபது. ஒரு பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். ஆனந்த வருஷம் என்றால் 1914 அல்லது 1974. எந்தத் தாத்தா என்று தெரிந்தால் எந்த வருஷம் என்பதும் தெரிந்துவிடும்.

கணக்குப் போட உதவியாகச் சில வருஷங்கள் (ஏப்ரல் நடுவில் தொடங்குபவை):

* 1947 - சர்வசித்து
* 1957 - ஹேவிளம்பி
* 1967 - பிலவங்க
* 1977 - பிங்கள
* 1987 - பிரபவ
* 1997 - ஈஸ்வர

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குகிறது. அதனால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில வருஷத்தில் போய் விழும். ஆனந்த வருஷம் ஆவணி என்றால் 1974. அதே ஆனந்த வருஷம் தை என்றால் 1975 ஜனவரி. இதைக் கவனிக்காவிட்டால் ஒரு வருஷம் பின்னால் போய்விடுவோம்.

ஒரு படத்தை எடுத்துத் துப்பறிவோம்

எல்லாவற்றையும் சேர்த்து எப்படிப் பயன்படுத்துவது? ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். பின்னால் தேதி இல்லை. ஆனால், மணமேடைக்குப் பின் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. பெரிதாக்கினால் 'ஆகஸ்ட் 22, வியாழன்' என்று தெரிகிறது. வருஷம் மங்கலாக இருக்கிறது.

1955 முதல் 1995 வரை ஆகஸ்ட் 22 வியாழக்கிழமையில் வந்தது ஆறே முறைதான்: 1957, 1963, 1968, 1974, 1985, 1991. மொபைல் காலண்டரில் பின்னோக்கிப் போனால் நீங்களே சரிபார்க்கலாம்.

படத்தின் பின்னால் இருக்கும் ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு. மணமக்களுக்குக் கொடுத்த ஒரிஜினல் பிரின்ட் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் 1972-க்கு முந்தைய மூன்று வருஷங்கள் அடிபட்டுப் போகின்றன. மிச்சம் 1974, 1985, 1991.

மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த வருஷம் 1976. எனவே, கல்யாணம் 1974-ல்தான். பத்திரிகையும் கிடைத்து அதில் 'ஆனந்த வருஷம்' என்று இருந்தால் ஐயமே இல்லை. ஒரு தடயம் மட்டும் வைத்து முடிவுசெய்யாமல், ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இரண்டு மூன்று தடயங்கள் கிடைக்கும்வரை தேடுவதுதான் சரியான முறை.

பாட்டியிடம் எப்படிக் கேட்பது?

"இது எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால், "யாருக்குப்பா ஞாபகம் இருக்கு" என்றுதான் பதில் வரும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் காலத்தை எண்ணால் நினைவு வைத்திருப்பதில்லை; சம்பவத்தால் வைத்திருக்கிறார்கள். கேள்வியை மாற்றுங்கள்.

"தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" (1964 டிசம்பர்)

"அண்ணா இறந்தப்போ நீங்க எந்த வீட்டுல இருந்தீங்க?" (1969 பிப்ரவரி)

"எமர்ஜென்சி சமயமா?" (1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை)

"ஸ்கைலேப் தலையில விழப்போகுதுன்னு பயந்தாங்களே, அப்போ இந்தப் பாப்பா பிறந்தாச்சா?" (1979 ஜூலை)

"எம்.ஜி.ஆர் இறந்தப்போ அப்பா எத்தனையாவது படிச்சார்?" (1987 டிசம்பர்)

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சட்டென்று வரும். கூடவே கதையும் வரும். கதை வரும்போது குறுக்கிடாதீர்கள். அந்தச் சேலை யார் வாங்கிக்கொடுத்தது, போட்டோவில் இல்லாத சித்தப்பா ஏன் வரவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். முன்கூட்டியே சொல்லிவிட்டு மொபைலில் குரலைப் பதிவு செய்யுங்கள்.

* சின்ன பிரின்ட்டைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்க்கச் சொல்லாமல், ஸ்கேன் செய்ததை டி.வி-யிலோ டேப்லட்டிலோ பெரிதாக்கிக் காட்டுங்கள்.
* ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது படம் போதும். அதற்கு மேல் போனால் சலிப்பு வந்துவிடும்.
* ஒரே படத்தை இரண்டு பெரியவர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். பதில்கள் வேறுபட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள்.
* மறதி நோய் இருப்பவர்களிடம் பரீட்சை வைப்பதுபோலக் கேட்கவேண்டாம். படத்தைக் கையில் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டாலே போதும்.

ஸ்கேன் செய்துமுடித்தபிறகு பெயர் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேனை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். வீட்டில் வயதானவர் இருந்தால், முதல் வேலை பெயர்களைக் கேட்டு எழுதுவதுதான்.

'பெரியம்மா' என்று எழுதினால் போதாது

படத்துக்குக் கீழே 'பெரியம்மா, சின்ன மாமா, ஊர் தாத்தா' என்று எழுதி வைப்போம். நமக்குப் புரியும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெரியம்மா பாட்டி முறை. அவர்கள் பிள்ளைகளுக்கு யாரென்றே தெரியாது. 'யாருக்குப் பெரியம்மா?' என்பதுதான் கேள்வி.

பெயர், யாருடைய மகள், எந்த ஊர் என்று மூன்றையும் எழுதுங்கள். 'செல்லம்மாள், அப்பாவின் பெரியம்மா, மானாமதுரை' என்பது தெளிவு. தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், ஒரே குடும்பத்தில் மூன்று சுப்பையாக்கள் இருப்பார்கள். பெயரோடு பிறந்த வருஷத்தையும் சேர்த்து 'சுப்பையா 1921', 'சுப்பையா 1978' என்று வைத்தால் குழப்பம் வராது.

முகங்களை மொபைலே அடையாளம் கண்டு அடுக்கும் வசதி இதில் பெரிய உதவி. ஆனால் அக்கா தங்கைகளையும், அம்மாவையும் அதே வயதில் இருக்கும் மகளையும் அது ஒருவராகவே நினைத்துவிடும். அது சொல்வதை வீட்டுப் பெரியவர் ஒருமுறை பார்த்துச் சரிசெய்யவேண்டும்.

தேதியை எங்கே, எப்படி எழுதுவது?

*மொபைல் மட்டும் வைத்திருப்பவர்கள்:* கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து, மேல்நோக்கித் தள்ளினால் தேதி தெரியும். அதைத் தொட்டு மாற்றலாம். ஐபோனில் படத்தின் தகவல் பகுதிக்குப் போய்த் தேதியைத் திருத்தலாம். கணினியில் கூகுள் போட்டோஸைத் திறந்தால், பல படங்களைத் தேர்ந்தெடுத்து மொத்தமாகவே மாற்றும் வசதி இருக்கிறது.

இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் போட்டோஸில் செய்யும் தேதி மாற்றம் அந்தச் சேவைக்குள் மட்டும்தான் இருக்கும். படத்தின் எக்ஸிஃப் குறிப்பு மாறாது. பின்னாளில் எல்லாப் படங்களையும் மொத்தமாக இறக்கினால், நீங்கள் எழுதிய தேதி படத்தோடு வராமல் தனி ஃபைலாக வரும்.

*கணினி இருப்பவர்கள்:* மேகத்தில் ஏற்றுவதற்கு முன்பே படத்துக்குள் தேதியை எழுதிவிடுவது நல்லது. விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' என்று போனால் எடுத்த தேதியை மாற்றலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் 'டிஜிகேம்' என்ற இலவச மென்பொருள் வசதியானது. கமாண்ட் எழுதத் தெரிந்தவர்களுக்கு 'எக்ஸிஃப்டூல்' இருக்கிறது. அதுவும் இலவசம்.

வருஷம் மட்டும்தான் தெரியும் என்றால்? பெரும்பாலான ஆப்கள் நாள், மாதம், வருஷம் மூன்றையும் கேட்கும். 'சுமார் 1974' என்று போட இடம் கிடையாது. அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள்:

* வருஷம் மட்டும் தெரிந்தால்: அந்த வருஷத்தின் ஜனவரி 1.
* மாதமும் தெரிந்தால்: அந்த மாதத்தின் 1-ம் தேதி.
* பத்தாண்டு மட்டும் தெரிந்தால்: அந்தப் பத்தாண்டின் முதல் நாள், உதாரணமாக 1960 ஜனவரி 1.
* மூன்றிலும், விளக்கப் பகுதியில் 'சுமார்' என்ற சொல்லையும், ஏன் அந்த வருஷம் என்று நினைக்கிறோம் என்பதையும் ஒரு வரியில் எழுதவேண்டும்.

கடைசி விதிதான் முக்கியம். 'சுமார் 1974, காலண்டரையும் முத்திரையையும் வைத்து' என்று எழுதியிருந்தால், பின்னால் வருபவர் புதுத் தகவல் கிடைக்கும்போது திருத்தலாம். எழுதாவிட்டால், உங்கள் ஊகம் நாளைக்கு உண்மையாகிவிடும்.

ஃபைல் பெயரிலும் தேதியை முதலில் வருஷம், பின் மாதம், பின் நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். '1974-08-22 கல்யாணம் மதுரை 01' என்று இருந்தால், எந்தக் கணினியில் போட்டாலும் தானாகவே கால வரிசையில் நிற்கும். ஆப் மாறினாலும் கம்பெனி மூடினாலும் ஃபைல் பெயர் கூடவே வரும். தமிழில் எழுதும்போது மொபைலில் டைப் செய்யும் யூனிகோட் எழுத்திலேயே எழுதுங்கள். பழைய டி.டி.பி எழுத்துருக்களில் எழுதினால் வேறு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பகிரும்போது கவனம்

இவ்வளவு பாடுபட்டுத் தேதி எழுதிய படத்தை ஃபேமிலி குரூப்பில் சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால், படத்தின் தரமும் குறையும், எக்ஸிஃப் குறிப்பும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் இரண்டும் தப்பிக்கும்.

பழைய படத்தை ஏ.ஐ மூலம் 'தெளிவாக்கும்' ஆப்கள் இப்போது ஏராளம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மங்கலான முகத்தில் இல்லாத விவரங்களை அவை தாமாகவே வரைந்து சேர்க்கின்றன. கொள்ளுப்பாட்டி சாயலில் வேறு யாரோ ஒருவர் வந்து நிற்பார். ஆசைக்குச் செய்துபாருங்கள், ஆனால் அசல் ஸ்கேனை அழிக்காதீர்கள். மாற்றிய படத்தின் பெயரில் 'ஏ.ஐ' என்று சேர்த்துவிடுங்கள்.

மூன்று இடத்தில் வையுங்கள்

ஆர்குட்டில் ஏற்றிய படங்கள் என்னவாயின என்று யோசித்துப் பாருங்கள். 2014 செப்டம்பர் 30-ல் அந்தத் தளம் மூடப்பட்டது. படங்களை அடுக்கப் பலரும் பயன்படுத்திய பிகாசாவை 2016-ல் கூகுள் நிறுத்தியது. கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவச இடமும் 2021 ஜூன் 1-க்குப் பிறகு கிடையாது. இலவசக் கணக்குக்கு மொத்தம் 15 ஜிபிதான். ஒரே இடத்தை நம்பியிருப்பது ஆபத்து.

மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். இதுதான் ஆவணக்காரர்கள் சொல்லும் எளிய கணக்கு. மேகத்தில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து பீரோக்களில் இருந்த ஆல்பங்கள் நனைந்து நாசமானதைப் பார்த்தவர்களுக்கு 'வேறு ஊர்' ஏன் என்று புரியும். போர்க்காலத்தில் வீட்டை விட்டு ஓடும்போது ஆல்பத்தை எடுக்க முடியாமல்போன ஈழத்துக் குடும்பங்களில், கனடாவிலோ லண்டனிலோ இருந்த உறவினருக்கு முன்பு தபாலில் அனுப்பிய படம்தான் சில வீடுகளில் மிஞ்சிய ஒரே படம்.

ஸ்கேன் செய்தாயிற்று என்று பிரின்ட்டையும் நெகட்டிவையும் தூக்கிப் போடாதீர்கள். நாளை இன்னும் நல்ல ஸ்கேனர் வரும்.

குடும்பப் படம் ஊர் வரலாறும்தான்

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களையும் குடும்பப் படங்களையும் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. 2005-ல் தொடங்கிய நூலகம் இணையத்தளம், இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்களோடு பல்வகை ஆவணங்களையும் சேமிக்கிறது. 2010 முதல் இயங்கும் 'இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்' இந்தியக் குடும்பப் படங்களை அவற்றின் கதையோடு தொகுக்கிறது. இத்தகைய தொகுப்புகளில் ஒரு படத்துக்கு மதிப்புக் கூடுவது, யார், எங்கே, எப்போது என்ற விவரம் கூடவே இருக்கும்போதுதான். விவரம் இல்லாத அழகான படத்தைவிட, பெயரும் ஊரும் வருஷமும் எழுதிய சுமாரான படம் அதிகம் பேசும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை...

ஆயிரம் படங்களையும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்று நினைத்தால் தொடங்கவே மாட்டோம். ஒரே ஓர் ஆல்பத்தை எடுங்கள். அதில் யாருக்கும் பெயர் தெரியாத முகங்கள் உள்ள பத்துப் படங்களை மட்டும் மொபைலில் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் மூத்தவர் யாரோ, அவரைப் போய்ப் பாருங்கள். தூரமாக இருந்தால் வீடியோ காலில் கூப்பிடுங்கள். அவர் சொல்லும் பெயர்களை அங்கேயே, அப்போதே டைப் செய்துவிடுங்கள்.

தேதியைக் காலண்டரும் முத்திரையும் பத்திரிகையும் என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லும். பெயரைச் சொல்ல அவர் ஒருவர்தான் இருக்கிறார்.